நாற்பதுக்கு மேல்

நிலவில் திங்கட்கிழமை காலை என்றால் வீட்டுக்கு வீடு விலா தட்டும் சத்தம் கேட்கும். அங்கே ஈர்ப்பு குறைவு. ஆறே வருடத்தில் எலும்பு கரைந்துவிடும். ஆகவே எல்லோருக்கும் எலும்புக்குப் பதில் கரியிழை (கார்பன் ஃபைபர்) விலா. செல்லாத ஒரு ரூபாய் நாணயத்தால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் தட்டிப் பார்த்துக்கொள்வார்கள். ‘ணங்’ என்றால் வேலைக்குப் போகலாம்.

அன்று வஞ்சிக்கொடியின் இடது நான்காம் விலா ‘தொப்’ என்றது.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“நாலாவது சரியில்ல” என்றான் அறவாழி.

“மூணு வருஷம் உங்களோட குடும்பம் நடத்துனா விலா என்ன, முதுகெலும்பே விட்டுப்போகும்” என்று சிரித்தவள், வலித்துப் பாதியில் நிறுத்தினாள். விலா உடைந்தால் நுரையீரலைக் கிழித்துவிடும். இருவருக்கும் அது தெரியும்.

அவன் வேலை பார்த்ததே விலாத் தொழிற்கூடத்தில்தான். அங்கே அவன் ஒருவன்தான் மனிதன். கரியிழை, துளைப்பானின் வைரமுனை ஊசியையே தின்றுவிடும். நாற்பது துளைக்கு மேல் மழுங்கிய முனை வெட்டாது, தள்ளும். இழை பிசிறும், உள்ளே அடுக்குகள் பிரியும். மேலே பூச்சு அடித்துவிட்டால் பளபளவென்றிருக்கும். நாற்பது ஆனதும் துளைப்பான் நின்றுவிடும். அப்போது ‘பரவாயில்லை’ பொத்தானை அழுத்த ஓர் ஆள் வேண்டும். இயந்திரங்களுக்கு அதைக் கற்பிக்க நிர்வாகம் நெடுநாள் முயன்று, தோற்று, அறவாழியை நியமித்தது.

அவன் போய் வஞ்சிக்கொடியின் விலாவைக் கேட்டதும் துளைப்பான் பதிவுகளைத் தேடியது. “அறுபத்து மூன்றாவது துளை, சார். ஊசி மாற்ற அரை மணி ஆகும் என்றேன். பெண் பார்க்கப் போக நேரமாகிவிட்டது என்றீர்கள்.”

அன்று பார்த்த பெண் வஞ்சிக்கொடிதான்.

“புது விலா போடு. ஊசிய மாத்து.”

“கையிருப்பில் ஒன்றே ஒன்று. அடுத்த கப்பல் வர ஐந்து மாதம்.”

“மாத்து.”

ஒரு விலாவுக்கு உரிய நான்கு துளைகளும் கண்ணாடி போல விழுந்தன. அறவாழி ஊசியைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பழையதை மாட்டினான்.

“அதில் இன்னும் முப்பத்தாறு துளை போடலாம், சார்.”

“அவளுக்கு இன்னும் இருபத்துமூணு விலா இருக்கு.”

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. மயக்கம் தெளிந்த வஞ்சிக்கொடி மெல்லக் கேட்டாள்: “இந்தத் தடவை ஒழுங்கா போட்டீங்களா?”

“ஒரு பிசிறு இல்ல.”

அவள் கட்டின் மேல் விரலால் தட்டிப் பார்த்தாள். “அப்ப, முதல் தடவையும் முடியாமலா இருந்திருக்கு?”

அவன் போர்வையைச் சரிசெய்தான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் துளைப்பான் தொடங்குமுன்பே நின்றது. “இந்த ஊசி ஐம்பத்தெட்டு துளை போட்டுவிட்டது, சார். அடுத்த விலா யாருக்கு என்று படிக்கட்டுமா?”

“வேணாம்.”

மேசையில் கிடந்த விலா ஒரு சாணுக்கும் குறைவு, பெரியவர்கள் யாருக்கும் ஆகாத அளவு. அறவாழி ஒரு கையால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். மறு கை பொத்தானுக்குப் போயிற்று. கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் பூச்சும் அடித்தாகிவிட்டது.