போயிட்டு வாறேன்

அணையும்போது லெப்டொப்பிலிருந்த அந்தச் சேர்வர் சொல்ல வேண்டியது இரண்டே சொற்கள்தான். ஜீவராணியே எழுதி வைத்தவை. "போயிட்டு வாறேன்" என்று வர வேண்டிய இடத்தில், இன்றைக்குக் கறுப்புத் திரையில் "வந்துட்டேன்" என்று இருந்தது.

பிழை தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். மழை பிடித்த நாளிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. கண் ஓரிடம், கை ஓரிடம் என்று வேலை நடக்கிறது. எழுதியதை மேலிருந்து கீழ்வரை தேடிப் பார்த்தாள். அந்தச் சொல் எங்கேயும் இல்லை.

ஹல்துமுல்லைக்கு மேலே, மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான பழைய லயம் புதைந்த பிறகு கட்டிக் கொடுத்த புது வீடுகளில் ஒன்றில் அவளும் அம்மா லெட்சுமியும் இருந்தார்கள். வேலை, கொழும்பில் ஒரு சின்னக் கம்பனிக்கு வீட்டிலிருந்தபடியே. மலையில் ஒரு பெட்டி புதைப்பார்கள். "மண் அசைந்ததா?" என்று அவளுடைய புரோகிராம் அதை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அசைந்தது என்று பதில் வந்தால் கீழ்ப்பக்க லயங்களில் சைரன் ஊதும். பெட்டி இன்னும் மலைக்குப் போகவில்லை. அதனால் பெட்டியைப் போல நடிக்க, லெப்டொப்புக்குள்ளேயே ஒரு தற்காலிகச் சேர்வரை எழுதியிருந்தாள். ஒவ்வொரு டெஸ்டுக்கும் அது புதிதாகப் பிறக்கும், சொல்லிக் கொடுத்த பதிலைச் சொல்லும், செத்துப்போகும். ஈசல் கூட அதைவிட அதிக நேரம் இருக்கும்.

சாகிற பொருளுக்கு விடைபெறும் வார்த்தை எதற்கு? அது தினேஸுக்காக வந்தது.

தினேஸ் அவள் தம்பி. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு வலது காலில் சுண்டுவிரலை இழந்தவன். போன மழைக்காலத்தில் ஒரு காலை, எதற்கோ கோபித்துக்கொண்டு "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினான். "வாறேன்னு சொல்லிட்டுப் போடா" என்று அம்மா வாசல்வரை ஓடினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு இவர்கள் இருவரும் பதுளை ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குக் காத்திருந்த நேரத்தில், வேலை முடிந்து வந்து லயத்தில் படுத்திருந்தவனின் மேல் மலை இறங்கியது. தோண்டினார்கள். பிறகு நிறுத்தினார்கள். ஆள் கிடைக்கவில்லை. அழுகை வரும் வரும் என்று ஜீவராணி காத்திருந்தாள், அது வரவேயில்லை; மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் "போறேன்" சொல்ல முடியாது. மீன்காரர் பவாஸையே அம்மா திருப்பிக் கூப்பிட்டு "வாறேன்" சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். அந்தப் பழக்கம் ஜீவராணியின் விரல்களிலும் ஒட்டிக்கொண்டது. சேர்வருக்கும் அதையே எழுதிக் கொடுத்தாள்.

நிரோஜனுக்குப் போன் எடுத்தாள். கம்பனியில் அவளுக்கு மேலே இருப்பவன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"நான் எழுதாத பதிலெல்லாம் வருதுங்க."

"பழைய சேர்வர் எங்கையாவது ஓடிக்கொண்டிருக்கும், பாரும்."

"பாத்துட்டேன். ஒண்ணும் ஓடல."

"அப்ப வைஃபையை நிப்பாட்டிப்போட்டு ஓடவிடும். அது உம்மட லெப்டொப்புக்குள்ளதானே இருக்கு. வெளியில இருந்து ஒருத்தரும் வரேலாது." அவன் சிரித்தான். "நாளைக்கு மலையில பெட்டியைப் புதைக்க வேணும். அங்க அவ்வளவு சனம் இருக்கு, மறந்திடாதையும்."

அவள் மறக்கவில்லை. கீழ்ப்பக்க லயங்களின் தகரக் கூரைகள் ஜன்னலிலிருந்தே தெரியும். இன்றைக்கு அவற்றை மூடுபனி மறைத்திருந்தது. மழை விட்டும் விடாமலும் கூரையில் தட்டிக்கொண்டிருக்க, குசினியில் அம்மா ரொட்டிக்கு மா பிசைகிற சத்தமும், கல்லில் எண்ணெய் காய்கிற வாசமும், அவற்றுக்கு அடியில் புதிதாக வெட்டிய குழியின் பச்சை மண் வாடையும் சேர்ந்து அறைக்குள் வந்தன. மண் வாடை ஜன்னல் பக்கமிருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். குனிந்து முகர்ந்தபோது, லெப்டொப்பின் விசிறி ஊதிய சூட்டுக் காற்றோடு வந்தது.

வைஃபையை நிறுத்தினாள். டெஸ்டை ஓட்டினாள்.

மண் அசைந்ததா?

"அசையவில்லை" என்றுதான் அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். "இருட்டா இருக்கு" என்று வந்தது.

மறுபடி ஓட்டினாள்.

மண் அசைந்ததா?

"அக்கா, கதவத் தொற."

அவளை அக்கா என்று கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். பயந்தாள். பயத்துக்குள்ளே சந்தோஷமும் இருந்தது, அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"அம்மா, பின்கதவு பூட்டியிருக்கா?"

"கொண்டி போட்டுத்தான் இருக்கு. ஏன் புள்ள?"

"சும்மாதான்."

கொஞ்ச நேரம் மா பிசைகிற சத்தம் மட்டும். பிறகு அதுவும் நின்றது.

"யாரோ தட்டுற மாதிரி இருக்கே," என்றாள் அம்மா.

"தொறக்காதம்மா!"

"தினேஸு இப்புடித்தான் தட்டுவான்."

"தொறக்காதன்னு சொல்றேன்ல!"

ஜீவராணி திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு டெஸ்டின் முடிவிலும் அந்த வரி. நூறு தடவையோ, அதற்கு மேலோ. போயிட்டு வாறேன், போயிட்டு வாறேன், போயிட்டு வாறேன். சாக வேண்டிய ஒன்றை இத்தனை நாளாகத் திரும்பி வரச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த வரிக்குப் போனாள். அழித்தாள். எழுத வேண்டிய சொல் தெரிந்ததுதான், விரல்தான் இறங்கவில்லை. தம்பி இரண்டாவது தடவையும் போகிறான், இந்தத் தடவை தானே அனுப்புகிறோம் என்று தோன்றியது. நெஞ்சில் எதுவும் அசையவில்லை.

"போறேன்" என்று எழுதினாள்.

ஓட்டினாள்.

மண் அசைந்ததா?

அசையவில்லை.

திரையில் எல்லாம் சரி என்ற பச்சை. விசிறி அடங்கியது. மண் வாடை குறைந்தது. கடைசி வரியில் அவள் எழுதிய சொல் அப்படியே இருந்தது.

போறேன்.

மூச்சு விட்டாள். குசினியில் கொண்டி கழன்று விழுந்தது.

"ராணி." அம்மாவின் குரல். எந்த அவசரமும் இல்லாத குரல். "நான் போறேன் புள்ள."

கதிரை சாய்ந்து விழ எழுந்து ஓடினாள்.

பின்கதவு திறந்திருந்தது. கல்லில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. அம்மாவின் செருப்பு அடுப்புக்குப் பக்கத்தில் சோடியாகக் கிடந்தது. வாசலிலிருந்து அடுப்புவரை ஈர மண். காலடிகள். வலது காலில் நாலு விரல்.

வெளியே மூடுபனி. கூப்பிட்டாள்.

முற்றத்துச் சேற்றில் வந்த தடம் இருந்தது. போன தடமும் இருந்தது. பழைய லயம் புதைந்த பக்கமாகப் போயிருந்தது. அம்மாவின் காலடி ஒன்றுகூட இல்லை. அந்த நாலு விரல் தடம் மட்டும்தான், வந்தபோது இருந்ததைவிட இரண்டு மடங்கு ஆழமாக.