மூக்குப்பொடி ஒட்டிய வெளிச்சக் கண்ணாடி

“காலங்காத்தால கண்ணுல வெளக்கக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா பாரு... இந்தக் கருமம் ஊட்டுக்குள்ள வந்ததுல இருந்து எனக்குப் பொட்டுத் தூக்கமில்ல. பைத்தியத்த வெச்சுக்கிட்டு எப்படிப்பா குடித்தனம் பண்றது?”

மகனிடம் சொல்லிவிட்டு, மருமகள் வனிதாவைப் பார்த்தே காறித் துப்பினாள் தங்கம்மா.

யார் பைத்தியம்? மாமனார் மூன்று வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கண் விழித்துப் பீத்துணி அலசியவள் வனிதா. அவர் போய்ச் சேர்ந்தும் அவளுக்குத் தூக்கம் திரும்பவில்லை. ஆடியில் அவர்கள் மலையூரை மூடிய மூடுபனியும் விலகாமல் வெயிலே கண்ணில் படவில்லை. சும்மாவே அழுகை வந்தது. சேலத்து டாக்டர் சொல்லி வாங்கியதுதான் இந்தக் கண்ணாடி. விடிந்ததும் அரை மணி நேரம் போட்டுக்கொண்டால் கண்ணுக்கு மேலிருந்து வெயில் மாதிரி வெளிச்சம் விழும். மூன்று வாரத்தில் தூக்கம் வந்தது. ஒருநாள் சிரிக்கவும் சிரித்தாள். அது பொறுக்கவில்லை இவர்களுக்கு.

புருஷன் அன்பழகன் அவள் துணிப்பையை வாசலில் வைத்தான். “எட்டு மணி பஸ்ஸுக்குக் கெளம்பு. உங்கண்ணன் ஊட்டுல கொஞ்ச நாள் இரு.”

முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூட முதுகெலும்பில்லை. சீ, என்ன மனுஷன் என்றிருந்தது வனிதாவுக்கு.

கண்ணாடியைக் கழற்றினாள். மூக்கில் உட்காரும் இடத்தில் பழுப்பாக ஏதோ பிசுபிசுத்தது. மோந்து பார்த்தாள். மூக்குப்பொடி, சளியோடு சேர்ந்து... பீத்துணிக்கு மூக்கைப் பொத்தாதவள் இப்போது பொத்தினாள்.

“ஏனுங்க, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க.”

மோந்தவன் அடுக்குத் தும்மல் போட்டான். அந்த வீட்டில் பொடி போடுகிறவள் ஒருத்திதான்.

“அம்மா...”

தங்கம்மாவின் தலை தொங்கியது. “அந்தியில அவ தண்ணி புடிக்கப் போறப்ப போட்டுக்குவேன்... உங்கப்பன் போனதுல இருந்து எனக்கும் மனசு ஆறல சாமி. இவ சிரிச்சாளே, எனக்கும் அப்படி ஆவுமான்னு...”

“அந்தியில போட்டா வர்ற தூக்கமும் ஓடிப்போயிருமுங்க அத்தை. எங்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டனா?”

“பைத்தியம்னுட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது கண்ணு?” கிழவி உடைந்து அழுதாள். வனிதாவுக்கு அருவருப்பு அடங்கவில்லை. ஆனாலும் கை தானாகப் போய் அந்தத் தோளை அணைத்தது. கண்ணீர் இருவருக்கும் வந்தது.

அன்பழகன் ஓசைப்படாமல் பையை உள்ளே எடுத்துப்போகக் குனிந்தான்.

“அதை அப்பறம் எடுக்கலாமுங்க.” கண்ணாடியையும் ஈரத்துணியையும் அவன் கையில் திணித்தாள் வனிதா. “மொதல்ல இதைத் தொடைங்க. உங்கம்மா சளிதானுங்களே.”

அப்பன் கிடந்த மூன்று வருஷத்தில் ஒரு துணியைத் தொடாதவன், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு துடைக்க ஆரம்பித்தான்.

“பாத்துத் தொடைங்க” என்றாள் வனிதா.