அண்ணன் எழுதாத சொற்கள்

திரையில் ‘தண்ணீர்’ என்ற சொல் வந்தபோது அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கை இலையின் மேல் இல்லை, போர்வைக்குள் இருந்தது.

தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு தங்கை எழுந்தாள். பக்கவாதத்தில் பேச்சும் உடம்பும் முடங்கிய அண்ணனுக்காக, மருத்துவமனைப் பொறியாளர் கொண்டுவந்து வைத்த தொட்டிச் செடி அது. அசையும் ஒரே விரலால் இலையை வருடினால், தண்டில் ஒட்டிய கம்பி வழியாகக் கணினியில் எழுத்து வரும். மூன்று மாதமாக அவன் குரல் அதுதான்.

போனில் பொறியாளர் சிரித்தார். “ஈரம் கொறைஞ்சா இலை தானா துடிக்கும் மேடம். பெருசா எடுத்துக்காதீங்க.”

“துடிக்கட்டும் சார். எழுத்துக்கூட்டவுமா செய்யும்?”

அவர் போனை வைத்துவிட்டார்.

மதிய வெயிலில் அறை புழுங்கியது. ஈரமண் வாடைக்கு அடியில் அழுகிய பூவைப் போல ஓர் இனிப்பு நாற்றம் கசிய, தொட்டிக்குள் யாரோ தாளைக் கசக்குவது போலச் சரசரப்பு கேட்க, காற்றே இல்லாமல் இலைகள் ஒவ்வொன்றாகக் கட்டில் பக்கம் திரும்பின.

‘ஜன்னலைத் திற, தங்கையே.’

தங்கையே? அண்ணனுக்கு அவள் பிறந்ததிலிருந்து ‘குட்டி’தான். திரையில் ஒரு தடவைகூட அது வரவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

அவனை எழுப்பினாள். “அண்ணா, ஆமான்னா ஒரு தடவை கண்ணை மூடு. இல்லைன்னா ரெண்டு தடவை. இவ்வளவு நாளா எழுதினது நீயா?”

கண் மூடியது. திறந்தது.

மறுபடியும் மூடியது.

கைகால் பயிற்சி கொடுக்க வந்த பெண் வேண்டாம் என்று முன்பு திரை சொன்னது, அவளை நிறுத்தினாள். நண்பர்கள் வேண்டாம் என்றது, கதவைச் சாத்தினாள். எல்லாம் இதன் பேச்சு.

கத்தரிக்கோலை எடுத்தாள்.

‘வெட்டினால் அவன் ஊமை.’

“ஊமையாவே இருக்கட்டும். எங்கண்ணன் பேர்ல நீ பேசாதே!”

‘வேண்டாம்.’

கத்தரியைத் தண்டில் வைத்து அழுத்தினாள்.

‘வேண்டா’

தண்டு அறுந்தது. திரை இருண்டது. தொட்டியைத் தூக்கி வாசலில் போட்டு உடைத்தாள். மண் சிதறியது. வெறும் மண். ஒரு வேர்கூட இல்லை.

உள்ளே ஓடினாள். அண்ணனின் உதடு அசைந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவை. வாய் மெல்லத் திறந்தது. நாக்கின் மேல் சுருண்டு கிடந்தது ஓர் இளந்தளிர்.

அவள் பின்வாங்கவில்லை.

“வெட்டவாண்ணா?”

கண் ஒரு தடவை மூடித் திறந்தது. அப்புறம் அசையவேயில்லை.

கத்தரியோடு குனிந்தாள். தளிர் வெளிச்சத்தைப் பார்த்து விரிந்தது. அதற்குப் பின்னால், தொண்டையின் இருட்டில், இன்னொன்று. அதற்கும் பின்னால், ஈரமாக, நெருக்கியடித்துக்கொண்டு, எண்ண முடியாத அளவுக்கு.