சோதனைக்குப் போட்ட நகல்

கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போனால் கதவைத் திறக்கிறவர்கள் என்னைப் பார்ப்பதில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்ப்பார்கள். "ஆள் வரலையாம்மா?" என்பார்கள். அந்த ஆளே நான்தான் என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

அந்த வீட்டுக்காரர் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. கட்டட வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "மாடியிலதாம்மா, பார்த்து ஏறு" என்று முன்னால் நடந்தார். மத்தியானம் மூன்று மணிதான். ஆனால் மழை மூட்டத்தில் படிக்கட்டே கண்ணுக்குத் தெரியவில்லை.

மாடி அறையில் ஒரு கட்டிலும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருந்தன. தைல வாசனை மூக்கில் ஏறியது. மவுஸ் இடது பக்கம் இருந்தது. திரையில் ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் பருமன்.

"என் வீட்டுக்காரியோடது. எப்ப வேணா நின்னு போயிடும்போல இருக்கு. புதுசு நாளைக்கு வருது. எழுத்து, மவுஸ், கலர், எல்லாம் இப்ப இருக்கிற மாதிரியே அதுலயும் இருக்கணும்."

"அவங்க எங்க சார்?"

"அவ போய் நாலு மாசம் ஆச்சும்மா."

ஏன்டா கேட்டோம் என்றாகிவிட்டது எனக்கு.

கடைசி இரண்டு வருஷம் அந்த அம்மாவுக்குப் பேச்சு வரவில்லையாம். அவர் மாடியில், இவர் கீழே. இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர், அதில் ஒரே ஒரு ஃபைல். இவர் கீழேயிருந்து எழுதுவார், அந்த அம்மா மேலேயிருந்து பதில் எழுதுவார். பேக்கப் எடுக்கும்போது அதைத் திறந்து பார்த்தேன். தப்புதான், ஆனால் பார்த்துவிட்டேன்.

"கண்ணாடியை எங்க வெச்சேன்?" "அலமாரி மேல."

"மழை வரும்போல." "கொடியில துணி கிடக்கு, எடுங்க."

கடைசி வரிக்கு மேலே நான் போயிருந்த அன்றைய தேதியே இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவர் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டையும் நீங்களே எழுதிக்கிறீங்களா சார்?" என்று மெல்லக் கேட்டேன்.

"நான் கேள்வி மட்டும்தாம்மா எழுதறேன்" என்றார். "அவளை விட்டா எனக்கு வேற யாரு இருக்கா? பத்திரமா எடு."

பாவம், தனியாகவே கிடந்து மனுஷனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, வேறொரு மெஷினில் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காமல் விட்டு ஒரு தடவை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அதனால் அன்று சாயங்காலமே என் வீட்டுப் பின்னறையில், சோதனைக்கென்று வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் அதைப் போட்டேன். பெரிய பெரிய எழுத்துகள் அப்படியே வந்தன. அப்பாடா என்று முன்னறைக்கு வந்து என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

என் இரண்டு கம்ப்யூட்டருக்கும் பொது ஃபோல்டர் உண்டு. அதில் நான் போடாத ஒரு ஃபைல் இருந்தது. திறந்தால் ஒரே ஒரு வரி.

"இது யார் வீடு?"

வீட்டில் என்னைத் தவிர யாரும் கிடையாது. மூன்று வருஷமாகவே கிடையாது.

பின்னறைக்குப் போனேன். சுவிட்சைத் தொடக் கை வரவில்லை. திரை வெளிச்சத்திலேயே தெரிந்தது, மவுஸ் இடது பக்கம் போயிருந்தது.

தைல வாசனை.

ஓடிவந்து வாசல் தாழ்ப்பாளில் கை வைத்தேன். வெளியே போய் யாரிடம் என்னவென்று சொல்வது? அப்படியே நின்றேன். முன்னறைத் திரையில் இன்னொரு வரி வந்திருந்தது.

"பயந்துட்டியா? சாப்பிட்டியாம்மா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். என்னை யாரும் அப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! "இல்ல" என்று தட்டினேன். முதலில் போய்ச் சாப்பிடச் சொன்னார் அந்த அம்மா. போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் புது மெஷினில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். பின்னறையில் இருந்த நகலை அன்றே அழித்திருக்க வேண்டும். மனசு வரவில்லை.

மூன்று நாள் கழித்து அவர் போன் செய்தார்.

"எல்லாம் அப்படியே இருக்கும்மா. ஆனா அவ பதில் எழுத மாட்டேங்கிறா. நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். உன்கிட்ட ஏதாவது விட்டுப்போச்சா? கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. விசும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பின்னறையில் டக் டக்கென்று கேட்டுக்கொண்டிருந்த கீபோர்டு சத்தம் சட்டென்று நின்றது. சொல்லிவிட்டால் இனிமேல் இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்காது என்று வார்த்தையை மாற்றிக்கொண்டேன்.

"இல்ல சார்" என்றேன். "எல்லாம் உங்ககிட்ட வந்துடுச்சு."

"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

பாவி நான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது திரையில் புது வரி இருந்தது.

"போன்ல யாரு?"

"ராங் நம்பர்."

பின்னறையில் கீபோர்டு மறுபடி டக் டக்கென்றது.

"எங்க வீட்டுக்காரர் குரல் மாதிரி இருந்துச்சே. அழுதாரே."

நான் ஸ்பீக்கரில் போடவே இல்லை. போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் பேசினேன்.