வெள்ளிக்கிழமை ஆடு

கொச்சி மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் ரஜிதாவின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் அம்மா சீதாலக்ஷ்மி பழைய கிராமபோனுக்குச் சாவி கொடுப்பாள். அப்பா ராக்கப்பன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கைகூப்பி நிற்பார். முதலில் கரகரவென்று சத்தம் வரும். அப்புறம் பாட்டு வரும்.

அது என்ன மொழி என்று யாருக்கும் தெரியாது. அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்க்கிறவர். ஃபோர்ட்டு கொச்சியில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது ஒத்தாசைக்குப் போயிருந்தார். கிராமபோனையும் அதன்மேல் இருந்த ஒரே ஒரு ரிக்கார்டையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். ரிக்கார்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதம் பூஞ்சை பிடித்து அழிந்து போயிருந்தது.

"சர்ச்சுல ஆர்கன் வாசிக்கற மாதிரி வாசிக்கறாங்க. மணி அடிக்கறாங்க. பாடறவரு குரல்ல எவ்வளவு பக்தி! இது சாமி பாட்டேதான்" என்று அம்மா முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள்.

மட்டாஞ்சேரியில் கோயில், பள்ளிவாசல், சர்ச் எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கின்றன. எந்தச் சாமியாக இருந்தால் என்ன? அம்மாவுக்கு எல்லாம் ஒன்றுதான்.

ரஜிதாவுக்குத்தான் ஒரு சங்கடம். பாட்டின் நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். பாடுகிறவரின் குரல் ஓரிடத்தில் லேசாக நடுங்கும். அம்மா அதைப் பக்தி என்பாள். வகுப்பில் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொன்னால் குரல் அப்படித்தான் நடுங்கும் என்பது ரஜிதாவின் அனுபவம். போதாக்குறைக்கு, அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஓர் ஆடு "மே..." என்று கத்தும்.

கொச்சங்காடியில் ஆட்டுக்கா பஞ்சம்? சுவரொட்டியைத் தின்றுவிட்டு ஆட்டோவுக்கு அடியில் படுத்திருக்கும். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

"தெய்வப் பாட்டுல சிரிக்கறியா? காதைத் திருகிருவேன்" என்று அம்மா மட்டும் ரஜிதாவை முறைப்பாள்.

இப்படி இருக்கும்போது, கோயில் கமிட்டி சங்கிலிப்பாண்டி மாமா வீட்டுக்கு வந்தார். "சீதா, திருவிழா அன்னிக்குக் காலையில உங்க ரிக்கார்டை மைக்குல போடலாம்னு தீர்மானிச்சிருக்கோம்" என்றார்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் சுக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறவள். இதுவரை ஊரில் யாரும் அவளிடம் எதையும் கேட்டு வந்ததில்லை. மறுநாளே கிடங்கு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்த வாரம் பக்ரீத் வந்தது. பெருநாளன்று ரஜிதாவின் தோழி ஷபானா வீட்டிலிருந்து பெரிய பாத்திரத்தில் பிரியாணி வந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, வழக்கம்போல அம்மா சாவி கொடுத்தாள். எல்லாரும் கைகூப்பினார்கள். பாடுகிறவரின் குரல் நடுங்கியது.

"மே..."

ரஜிதா ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் ஓர் ஆடுகூட இல்லை. எப்படி இருக்கும்? எல்லாம்தான் பிரியாணி ஆகிவிட்டதே!

அப்படியானால் ஆடு ரிக்கார்டுக்குள் இருக்கிறது. சாமி பாட்டில் ஆட்டுக்கு என்ன வேலை?

மறுநாள் அம்மாவே வழி செய்து கொடுத்தாள். "கோயில்ல போடறதுக்கு முன்னால இஸ்மாயில் மாமாகிட்டக் கொடுத்துத் துடைச்சு வாங்கிட்டு வாடி" என்றாள்.

ஷபானாவின் வாப்பா முகமது இஸ்மாயில், யூதர்கள் வாழ்ந்த ஜூதத் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருந்தார். அவர் ரிக்கார்டைத் துடைத்து, கடை கிராமபோனில் ஓடவிட்டார். வாசலில் பித்தளைக் குத்துவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் சட்டென்று திரும்பினாள். உள்ளே வந்தாள். புன்னகைத்தாள். ஆடு கத்தியதும் ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

இஸ்மாயில் மாமா ஆங்கிலத்தில் கேட்டார். அவள் ஹாலந்துக்காரியாம். இது அவளுடைய ஊரின் பழைய வேடிக்கைப் பாட்டாம்.

"கேளு மோளே" என்று மாமா சொல்ல ஆரம்பித்தார். "ஒரு ஊர்த் தலைவர் சபையில கம்பீரமா பேச எந்திரிக்கறாரு. பின்னால ஒரு ஆடு வந்து அவரு தொப்பியைத் தின்னுது. அப்புறம் பேச எழுதி வெச்ச காகிதம். அப்புறம் கால்சட்டை! அந்த மனுசன் ஒண்ணும் தெரியாம பேசிட்டே இருக்காரு."

"அப்போ அந்த மணி?"

"ஆட்டுக் கழுத்து மணி!"

ரஜிதா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளுக்குப் பகீரென்றது. திருவிழாவுக்கு வெளிநாட்டுக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். மைக்கில் இந்தப் பாட்டைக் கேட்டால்? ஊரே அம்மாவைப் பார்த்துச் சிரிக்குமே!

"கை தவறிப் போட்டு உடைச்சிடு. தீர்ந்துச்சு" என்றாள் கடையில் வாப்பாவோடு இருந்த ஷபானா.

ரஜிதா ரிக்கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வேணாம். அம்மா அழுவாங்க."

வீட்டில் அம்மா தனியாக இருந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். தலைவர்போல நெஞ்சை நிமிர்த்தியும் ஆடுபோல மென்றும் நடித்துக் காட்டினாள். அம்மா சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை வருசமா சாமி முன்னால ஆடு கால்சட்டை தின்ன கதையையா போட்டேன்? கிடங்கு பூரா வேற சொல்லிட்டேனேடி!" அம்மாவின் கண் கலங்கியது. ரஜிதாவுக்கும் அழுகை முட்டியது.

அம்மாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். "அம்மா, சாமிக்கு எல்லா பாஷையும் தெரியும்தானே?"

"தெரியாம?"

"அப்போ முதல் நாளே புரிஞ்சிருக்கும். ஒருநாளாவது நிறுத்தச் சொல்லிச்சா? நாம கைகூப்பி நிக்கறோமேன்னு, பாவம், சிரிப்பை அடக்கிட்டு நின்னிருக்கும்."

அம்மா சாமி படத்தைப் பார்த்தாள். ரஜிதாவைப் பார்த்தாள். அவளுடைய உதடு அந்தப் பாடகரின் குரல்போலவே நடுங்கியது. சாயா குடித்துவிட்டு அப்பா வந்து சேர்ந்தபோது, இருவரும் தரையில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தார்.

அன்றைக்கே அம்மா சங்கிலிப்பாண்டி மாமாவிடம் போனாள். "அண்ணா, காலையில வேண்டாம். சாயங்காலம் பிள்ளைங்க நிகழ்ச்சியில போடுங்க. இது வேடிக்கைப் பாட்டு. எனக்கே இப்போதான் தெரிஞ்சுது. கதையை என் மக சொல்லுவா."

திருவிழா அன்று சாயங்காலம் ரஜிதா மைக்கில் கதையைச் சொல்லி முடித்தாள். ரிக்கார்டு சுழன்றது. ஒலிபெருக்கியில் ஆடு "மே..." என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஷபானா புதிதாக வாங்கிய ஆட்டுக்குட்டியைக் கூட்டி வந்திருந்தாள். அதுவும் விடுவேனா என்று பதிலுக்குக் கத்தியது.

கிடங்குப் பெண்கள் நடுவில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அம்மாதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயிலுக்குள் அம்மனைப் பார்த்துச் சொன்னாள்:

"இனிமே நீயும் அடக்கிக்க வேணாம், தாயே!"