நான்காம் தளத்துப் பிரசவங்கள்

நிலவின் தென்துருவப் பனிச்சுரங்கத்தில் ஓர் ஆள் சுருண்டு விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் உடனே வாயைப் பொத்திக்கொள்வார்கள். அழுகை முட்டினாலும் கையைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். சுவரோரம் நிற்கும் மீட்பான் கேட்டுவிடும் என்ற பயம்.

மீட்பான் ஆறு சக்கரம் வைத்த படுக்கை. ஊசிகளும் குழாய்களும் அதற்குள்ளேயே இருந்தன. முதலில் எந்த நோய்ச்சொல் அதன் காதில் விழுகிறதோ அதற்கான சிகிச்சையைத் தொடங்கிவிடும். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் தசைப்பிடிப்பில் துடித்தவனைப் பார்த்து அவன் மச்சான் மாரடைப்பு என்று அலறிவிட்டான். இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி இறங்கியது. கரைக்கக் கட்டு எதுவும் இல்லை. மூக்கிலும் காதிலும் இரத்தம் வடிந்து செத்தான்.

அதன் பிறகு தளத்துக்கு ஒருவராக அவசரகாலச் சொற்களைப் படித்துத் தேர்வு எழுதினார்கள். நான்காம் தளத்துக்குப் பூங்காவனம். பத்து வருடம் துளைப்பான் பிடித்தவள். நானூற்றுப் பன்னிரண்டு சொற்களும், எந்தச் சொல்லுக்கு மீட்பான் என்ன செய்யும் என்பதும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

பட்டியல் பூமியில் தயாரானது. நிலவுத் தூசியால் வரும் நோய்க்கு அதில் இடமில்லை. துளைப்பவர்கள் அதைச் சாந்து என்றார்கள். நாக்கில் துரு ருசி தட்டும். நெஞ்சுக்குள் சாந்து பூசியதுபோல் இறுகும். நாற்பது நிமிடத்தில் ஆள் காலி. மேலே மருத்துவமனையில் நுரையீரலைக் கழுவினால் பிழைக்கலாம். ஆனால் மீட்பான் இல்லாமல் மின்தூக்கி நோயாளியை ஏற்றாது. மீட்பானிடம் சாந்து என்றால் ‘மீண்டும் சொல்லவும்’ என்றது. அரை வருடத்தில் பதினேழு பேர் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே செத்தார்கள். சொல்லைச் சேர்க்கும்படி பூங்காவனம் மூன்று முறை எழுதினாள். அந்த நோயால் யாரும் இறந்ததாகப் பதிவில்லை என்று பதில் வந்தது. பட்டியலில் இல்லாத நோயால் இறந்தால் பதியவும் வழியில்லை.

பதினெட்டாவதாக விழுந்தவன் சன்னாசி. அவளோடு ஒரே துளைப்பானில் எட்டு வருடம் எதிர்ப்பக்கக் கைப்பிடியைப் பிடித்தவன். மூச்சுத்திணறல் என்று சொன்னால் மீட்பான் தொண்டையில் குழாயைச் செருகும். போன மாதம்தான் ஒருவன் இறுகிப்போன தொண்டை கிழிந்து செத்திருந்தான். நீரிழப்பு என்றால் உப்புநீர் மட்டும்தான். ஆனால் அவசரத்தில் அது மூன்றாம் தரம், பனிக்கட்டி வண்டிகள் போன பிறகே மின்தூக்கி கிடைக்கும். விரைந்து ஓடவும் வேண்டும், உடம்பில் எதையும் ஏற்றவும் கூடாது. அப்படி ஒரு சொல்லை அவள் தேடினாள்.

“அண்ணே, நான் என்ன சொன்னாலும் சிரிச்சிராத.”

“சிரிக்கிற நெலமையிலயா இருக்கேன், தாயி.”

அவள் மீட்பான் பக்கம் திரும்பி, மகப்பேற்று வலி, இறுதிக் கட்டம் என்றாள்.

ஆணா பெண்ணா என்ற கேள்வி அதனிடம் இல்லை. சன்னாசியை இடப்பக்கமாகக் கிடத்தி, பிராணவாயு வைத்து, சூடான போர்வை போர்த்தி ஓடியது. மின்தூக்கியில் இருந்த பனிக்கட்டி வண்டிகளை இறக்கிவிட்டார்கள். மேலே போகும் வரை, பயப்படாமல் மூச்சை இழுத்து விடும்படி அவனை அம்மா அம்மா என்று தேற்றிக்கொண்டே போனது.

மருத்துவமனையில் இருந்த ரெஜினா டாக்டர் இயந்திரம் இல்லை, மனுஷி. பார்த்ததும் புரிந்துகொண்டாள். பதினோரு நிமிடத்தில் நுரையீரலைக் கழுவினாள். சொல்லை மாற்றி எழுதினால் படுக்கை அவனைக் கீழே இறக்கிவிடும். அதனால் சுகப்பிரசவம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தூசியில் நிற்கும் வரை சாந்து திரும்பத் திரும்ப வரும். சன்னாசியுடையதையும் சேர்த்து ஐந்து மாதத்தில் நான்காம் தளத்தில் முப்பத்தொரு பிரசவம். சாவு ஒன்றும் இல்லை. மீசை நரைத்தவர்கள்கூட ஷிப்டு மாறும்போது ஒருவரையொருவர் எத்தனையாவது மாசம் என்று விசாரித்துக்கொண்டார்கள்.

ஆறாம் மாதம் சரக்குக்கப்பல் வந்தது. ஏழு வருடமாகக் கேட்ட தூசி வடிகட்டிதான் என்று ஓடிப் பெட்டியைப் பிரித்தார்கள். நாற்பது தொட்டில்கள். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, துளைப்பான் முனைகளைப் போட்டுவைக்க எடுத்துக்கொண்டார்கள். அடியில் கிடந்த சுற்றறிக்கையை யாரும் படிக்கவில்லை.

அடுத்த வாரம் சன்னாசி மூன்றாம் தடவை விழுந்தான். பூங்காவனம் வழக்கமான சொல்லைச் சொன்னாள். மீட்பான் அசையவில்லை.

“இவருக்கு அனுமதிக்கப்பட்ட இரண்டு பிரசவங்கள் முடிந்துவிட்டன.”

அவள் நீரிழப்பு என்றாள். மூச்சுத்திணறல் என்றாள், மாரடைப்பு என்றாள். முதல் சொல்லே செல்லும் என்றது. நான்கு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி மின்தூக்கிக் கதவை உதைத்தார்கள். பிறகு கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கதவு அசையவில்லை. சன்னாசி அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“விடு தாயி. ரெண்டு பெத்தாச்சுல்ல.”

முப்பத்தெட்டாம் நிமிடம் கை தளர்ந்தது.

பத்தாம் நாள் பூமியிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். நல்ல மனிதர், உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, வருத்தம் தெரிவித்தார். பூங்காவனம் ஒன்றையும் மறைக்கவில்லை. சாந்து, பதினேழு பேர், வடிகட்டி, தான் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னாள். வேலையைப் பறித்தாலும் பரவாயில்லை, அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள் என்றாள். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். எழுதவில்லை, அவரிடம் இருந்த படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. சன்னாசியின் இறப்புச் சான்றிதழை அவள் பக்கம் தள்ளினார். காரணம்: பிரசவத்தில் மரணம்.

“அது இருக்கட்டும்மா,” என்றார். “முப்பத்தொரு பிரசவம் பதிவாயிருக்கு. ஒரு குழந்தைகூடப் பதிவாகல. குழந்தைங்கள என்ன பண்ணீங்க?”

மறுநாள் துளைப்பு வேலை நிறுத்தப்பட்டது. நான்காம் தள ஆட்கள் அத்தனை பேரும் கைவிளக்கும் மண்வெட்டியுமாக வரிசையில் விடப்பட்டார்கள். தூசிக் குவியல்களைக் கிளறி முப்பத்தொரு குழந்தைகளையும் தேட வேண்டும் என்பது உத்தரவு. மாலைக்குள் நான்கு பேர் விழுந்தார்கள். அதில் மூன்று பேர் ஏற்கெனவே இரண்டு பெற்றவர்கள்.