மழையில் மடக்கிய குடை

"குடையை மடக்குங்க!"

அவள் போட்ட சத்தத்தில் சிகிச்சை மையத்தின் வாசலில் குடையோடு நின்றவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"இந்த மழையிலயா?"

"ஆமா... நனைஞ்சா ஒண்ணும் கரைஞ்சிட மாட்டீங்க!"

அவளுடைய அண்ணன் படிக்கட்டிலேயே உறைந்து நின்றான். அந்தக் கறுப்புக் குடைக்குள்ளிருந்து யாரோ தன்னை ஒட்டுக்கேட்பதாக அவனுக்கு ஒரு பயம். இன்றும் உள்ளே போகாமல் திரும்பினால்... நேரே மதுக்கடைதான்.

குடைக்காரன் அண்ணனின் முகத்தைப் பார்த்தான். குடையை மடக்கித் தூரமாக வைத்தான். "நானும் நனையறேன், வாங்கண்ணே."

அண்ணன் மெல்லப் படியேறினான்.

மழை வழியும் இமைகளுக்கு நடுவே குடைக்காரனின் கண்கள்... கேலி இல்லை, பரிதாபமும் இல்லை. வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பொழுதெல்லாம் அடுத்தவர் கண்களையே பார்க்கிறவள் அவள். அவளுக்கே என்னவோ செய்தது.

"முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க" என்று மனநல மருத்துவமனையில் திருப்பி அனுப்புவார்கள். "முதல்ல மனசைச் சரிபண்ணிட்டு வாங்க" என்று குடிமீட்பு மையத்தில் கைவிரிப்பார்கள். இரண்டுக்கும் நடுவே அண்ணன் பந்தாய் உதைபட்டான். இங்கேயோ டாக்டரம்மா வேறு மாதிரி பேசினார்.

"காதுல கேக்குற குரலை அடக்கக் குடிக்கிறாரு. குடிச்சா குரல் கூடுது. தனித்தனியா பாத்தா எப்படிம்மா தீரும்? இங்க ஒரே குழுவா இருந்து ரெண்டையும் பாப்போம்."

அதன்பின் அண்ணனை அழைத்து வரும் நாளெல்லாம் கூடத்துப் பெஞ்சில் குடைக்காரனும் இருந்தான். பக்கத்தில் அவன் அம்மா. தச்சு வேலை செய்பவனாம்.

"கை ஏன் இப்படி நடுங்குது? என்னைப் பாத்து பயமா?"

"சத்தம் போடுற பொண்ணுன்னா யாருக்குத்தான் பயமில்ல?"

அவள் சிரித்துவிட்டாள். அம்மாவைச் சிகிச்சைக்கு அழைத்து வருகிறான் போல... எவ்வளவு பொறுமை!

ஒருநாள், சிகிச்சை பெறுபவர்கள் கூடிப் பேசும் குழு அறையின் கதவு திறந்தது. அண்ணனோடு பேசியபடி அவனும் வெளியே வந்தான்.

"நீங்க... உள்ளயா?"

"நான் அம்மாவைக் கூட்டிட்டு வரல. அம்மாதான் என்னைக் கூட்டிட்டு வர்றாங்க. உங்கண்ணனுக்கு இருக்கிறதுதான் எனக்கும்... குரலும், குடியும். கை நடுங்குறது மாத்திரையால. முன்னாடியே சொல்லியிருக்கணும். நீங்க சிரிச்சீங்க... வாய் வரல."

அவள் விறுவிறுவென்று வெளியேறினாள்.

அவன்மேல் அவளுக்கு மனம் போன விஷயம் தெரிந்ததும் அவளுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒருத்தனோட பட்டது போதாதாடி? தெரிஞ்சே கிணத்துல விழுவியா?"

அதன்பின் அண்ணனை அம்மாவே அழைத்துப் போனாள். அவளுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. கடையில் வலக்கண் லென்ஸை இடக்கண்ணில் மாட்டினாள். எழுந்தாள்... உட்கார்ந்தாள்... தெருவில் குடை விரிந்தால் ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

அண்ணன்தான் மெதுவாகச் சொன்னான். "குடைக்காரன் உன்னைப் பத்திக் கேக்கவே மாட்டேங்கிறான். வாசலையே பாக்குறான், அவ்வளவுதான்."

அடுத்த முறை அவர்கள் கிளம்பியபோது அவளும் ஒட்டிக்கொண்டாள். மையத்துத் தோட்டத்தில் உடைந்த பெஞ்சுக்குக் கால் பொருத்திக்கொண்டிருந்தான் அவன்.

"திரும்பக் குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

அவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"முடியாதுங்க. குரல் திரும்ப வரலாம்... கை பாட்டிலைத் தேடலாம். வந்தா மறைக்க மாட்டேன், நேரா இங்க வந்துடுவேன். என்னால அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அவள் கண்கள் நிறைந்தன.

"சத்தியம் பண்ணியிருந்தீங்கன்னா இப்பவே திரும்பிப் போயிருப்பேன். எங்கண்ணன் என் தலையில அடிச்சுப் பண்ணாத சத்தியமா..."

"அப்போ..."

"பயமாத்தான் இருக்கு. ராத்திரில தூக்கமே வரல. ஆனாலும்... உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

அவன் எழுந்தான். நடுங்கும் அந்தக் கையை அவளே பற்றி இழுத்தாள்.

"வாங்க, எங்கம்மா உள்ளதான் இருக்காங்க. இப்ப சொன்ன இதையே அவங்ககிட்டயும் சொல்லுங்க."

"இப்பவேவா?"

"இப்பவே! இன்னும் கொஞ்ச நேரம் போனா எனக்குத் தைரியம் போயிடும்..."